சிவப்புப் பெட்டியில் மான் கறி

சூசைநாதனைப் போலக் கறிக்குத் திட்டம் போடுகிற ஆளை நான் கண்டதில்லை. மான் எங்கோ பகாங் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும். இவன் புக்கிட் மேரா வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதன் தொடை யாருக்கு, ஈரல் யாருக்கு, எலும்பு சூப்புக்கா குழம்புக்கா என்று பேசிக்கொண்டிருப்பான். "டேய், முதல்ல அந்த மான் ஒத்துக்கிடுச்சான்னு கேளுடா" என்பேன். சிரிக்க மாட்டான். துறைமுகத்துக் குளிர்கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் இறைச்சிப் பெட்டி தூக்கியவன். எந்தக் கறி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

நான் செல்லக்கண்ணு. சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டினேன். வருஷத்துக்கு ஒரு முறை முதலாளியிடம் கெஞ்சி அந்த வேனை வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் எல்லை தாண்டிப் பகாங் போவோம். மெந்தக்காப் தாண்டி ஒரு ரப்பர் எஸ்டேட்டில் சுப்பிரமணியம் என்று ஒரு கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, இருந்தார். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். இளம் ரப்பர் கன்றுகளைக் காட்டுப்பன்றி முட்டிச் சாய்த்துவிடும் என்பதால் அவர் சுடுவதில் எஸ்டேட்டுக்கும் சந்தோஷம். அவர் சுடுவார், நாங்கள் சுமப்போம், அறுப்போம், ஐஸில் போட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருவோம்.

எண்பத்து நாலில் போனது அப்படிப்பட்ட பயணம் இல்லை. அது சூசையின் மகளுக்காகப் போனது.

அவள் பெயர் அற்புதமேரி. ஒரே மகள். எழுபத்தைந்தில், முகம்மது யூசுப் என்ற பையனைக் கட்டிக்கொண்டு உம்மு சல்மா ஆனாள். தங்கமான பையன். கடையநல்லூர்க் குடும்பம், அச்சாபீஸில் வேலை. ஆனால் சூசைக்கு அன்று கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. கோபத்தில் என்ன செய்தான் தெரியுமா? மரித்தவர்களுக்கான பூசைக்கு மகள் பெயரை எழுதிக் கொடுத்தான். சாமியாருக்கு என்ன தெரியும், பாவம். பீடத்தில் நின்று "அற்புதமேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்துவிட்டார். அவன் பெண்டாட்டி அந்தோனியம்மாள் கோயிலிலேயே மயங்கி விழுந்தாள். செய்தி மகளுக்குப் போகாமலா இருக்கும்? அன்றோடு அறுந்தது. அடப்பாவி, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தகப்பனாவது பூசை வைப்பானா என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டேன். பிறகு அந்தோனியம்மாளும் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் அவன் மட்டும் மிஞ்சினான்.

ஒன்பது வருஷம் கழித்து யூசுப் அவனைத் தேடி வந்தான். தெம்பனிஸில் புது வீடு கிடைத்திருக்கிறது, மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு, நீங்களும் வரணும் மாமா என்றான். நானும் அப்போது அங்கே இருந்தேன். சூசை ஒன்றைத்தான் கேட்டான்.

"அவ வரச் சொன்னாளா?"

"சல்மா ஒண்ணும் சொல்லலை மாமா. நான் உங்க பேரை எடுத்ததும், 'அப்பா முன்னாடி மான் கறி கொண்டாருவாரு'ன்னு மட்டும் சொல்லிச்சு. அப்புறம் உள்ள போயிடுச்சு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சூசை ஒரு கோட்டையே கட்டிவிட்டான். மான் கொண்டுபோக வேண்டும். அவர்கள் சாப்பிடக்கூடிய மானாக இருக்க வேண்டும். தன் வீட்டுக் கறியை மகள் தன் கையால் அடுப்பில் வைத்துவிட்டாளானால் அந்தப் பூசை இல்லையென்று ஆகிவிடும். இதை அவனே என்னிடம் சொன்னான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எஸ்டேட் லாரி டிரைவர் யாக்கூப்புக்குக் கடிதம் போட்டான். மான் விழுந்ததும், உயிர் இருக்கும்போதே, யாக்கூப் ஓடிப்போய் முறைப்படி அறுக்க வேண்டும். அவனே உரிக்க வேண்டும், அவன் கத்தியால் துண்டு போட வேண்டும். மானுக்கென்று புதிதாக ஒரு சிவப்பு ஐஸ் பெட்டி. பன்றி விழுந்தால் அது எங்கள் பழைய நீலப் பெட்டிக்கு. சிவப்பில் பன்றி படக்கூடாது, நீலத்துக்குப் போன கை சிவப்புக்கு வரக்கூடாது. இதை எனக்குப் பத்துத் தடவை சொன்னான். "நான் என்ன பச்சைப் பிள்ளையாடா?" என்று எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை ஒரு மான் விழுந்தது. நல்ல கொழுத்த மான். யாக்கூப் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் அதன் கண் நிலைகுத்திவிட்டது. "போயிடுச்சு அண்ணே" என்று எழுந்து நின்றான். யாருக்குத் தெரியப் போகிறது, பேசாமல் அறுத்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் கிராணி. சூசை தலையை ஆட்டிவிட்டான். "என் மவளுக்குப் பொய்க் கறி வேணாம் சார்." அந்த மானை எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்த ஜனங்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மழை. பன்றி ஒன்றுதான் விழுந்தது. அதன் பின்தொடை என் பங்கு. சனிக்கிழமை காலை எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. சூசை புகையிலையைக் கூடத் தொடாமல் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்கு ஒரு சின்ன மான் விழுந்தது. அதற்கு உயிர் இருக்கும்போதே யாக்கூப் பக்கத்தில் போய் அறுத்துவிட்டான். அவன் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தியது எங்கள் காதில் விழுந்ததும் சூசை மண்ணில் முழங்கால் போட்டுச் சிலுவை வரைந்துகொண்டான்.

ஈரல் அவளுக்கு, தொடை இரண்டும் விருந்துக்கு, விலா எலும்பு மறுநாள் சூப்புக்கு, கழுத்துக் கறி சம்பந்தியம்மாவுக்குத் தனியாக. எல்லாவற்றையும் துண்டு துண்டாகக் கட்டிச் சிவப்புப் பெட்டியில் அடுக்கினான்.

ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினோம். வழியில் யோங் பெங்கில் ஐஸ் மாற்ற வேண்டும் என்பது திட்டம். சூசை தேநீர் வாங்கப் போனான். ஐஸ் வாங்கும் வேலை என்னுடையது. கடைக்காரச் சீனனிடம் ஒரே ஒரு கட்டிதான் இருந்தது. அடுத்த கடை அரை மைல். நான் நடக்கவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன? ஒரு கட்டியையும் உடைத்துச் சிவப்புப் பெட்டியில் கொட்டினேன். நீலப் பெட்டியைத் திறந்தால் ஒரே தண்ணீர். என் பங்குப் பன்றித் தொடை நாறிப் போய்விடுமே என்று தோன்றியது. எத்தனை தூரம் தூக்கி வந்த கறி! இரண்டு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, சிவப்புப் பெட்டியில் மான் கறிக்கு மேலே வைத்து மூடினேன். பிளாஸ்டிக் இருக்கிறதே, என்ன ஆகிவிடும்? சிங்கப்பூர் போனதும் அவனுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது கூட என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் எங்கள் வேனை ஓரம் கட்டச் சொன்னார்கள். மலாய் அதிகாரி ஒருவர் வந்து பின்கதவைத் திறந்தார். வயதானவர், சாந்தமான முகம். பெட்டியில் என்ன என்று கேட்டார். சூசை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் உடைந்த மலாயில் சொன்னான்: மான் கறி, ஹலால், முஸ்லிம் அறுத்தது, என் மகள் முஸ்லிம், அவள் வீட்டு விருந்துக்கு. அந்த நாலு வரியைச் சொல்லுவதற்கு அவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். 'என் மகள் முஸ்லிம்' என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதிகாரி சிரித்தபடி மூடியைத் திறந்தார்.

ஐஸ் முனை குத்திப் பிளாஸ்டிக் கிழிந்திருந்தது. மேலே கறுப்பு மயிரோடு பன்றித் தொடை. அதன் இரத்தம் கரைந்து மான் கறிப் பொட்டலங்களுக்குள் இறங்கியிருந்தது. "பாபி?" என்றார் அவர். பன்றியா என்று கேட்டார், அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. சூசை இரண்டு கையாலும் அந்தத் தொடையைப் பிடுங்கி வெளியே எறிந்தான். அடியில் இருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எல்லாம் நனைந்திருந்தன. அதிகாரி கை கழுவும் இடத்தைக் காட்டி, போகச் சொல்லிவிட்டார்.

வேனில் நான்தான் பேசினேன். கடையில் ஐஸ் இல்லை என்றேன். கழுவிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றேன். ஆமாம், அதையும் சொன்னேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கைகளை மடியில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"பன்னி தொட்ட கை வெறும் தண்ணியில சுத்தமாவாதுன்னு யாக்கூப் சொன்னான். மண்ணு போட்டுக் கழுவணுமாம். எத்தனை தடவை, எப்படின்னு நான் கேக்கலைடா. எல்லாம் கேட்டேன், அதை மட்டும் கேக்கலை."

அவன் திட்டத்தில்தான் பன்றிக்கு இடமே இல்லையே!

போகாமல் வீட்டுக்குத் திரும்பலாமா என்றேன். "காத்துக்கிட்டு இருப்பாங்க. வராம போனா அது ஒரு பேச்சாயிடும்" என்றான். தெம்பனிஸ் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே குழாயில் இருவரும் கை கழுவினோம். அவன் தோல் சிவக்கத் தேய்த்தான்.

யூசுப் வாசலுக்கே ஓடி வந்தான். உள்ளே பாய் விரித்துச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய அம்மா நடுவில் இருந்தார். சூசை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். கைகள் முதுகுக்குப் பின்னால்.

"மான் கிடைக்கலை தம்பி" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்றி பட்டுவிட்டது என்று அந்தச் சபையில் சொன்னால் அவளுக்கு எவ்வளவு கேவலம் என்று அவன் நினைத்திருக்கிறான். "அதனால என்ன மாமா, நீங்க வந்ததே பெரிசு லா" என்றான் யூசுப்.

அற்புதமேரி அடுப்படியிலிருந்து வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். தட்டில் இரண்டு கோப்பைத் தேநீர். வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் தானே எடுத்து வந்தாள்.

"அப்பா, எடுத்துக்குங்க."

"வேணாம்மா."

"தண்ணியாச்சும் குடிங்க."

"வேணாம்மா. வயித்துக்கு ஆகலை."

தட்டு என் பக்கம் வந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அதே பன்றியைத் தூக்கிய கைதான். எடுத்துக் குடித்தேன், மடையன்! சூசை என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அப்போது அவளுடைய மகள், மூன்று வயது இருக்கும், ஓடி வந்து அவன் முன்னால் நின்று தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டியது. அவன் ஓரடி பின்வாங்கினான். கைகளை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை. அவன் தாடை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கூட வந்தவன் குடிக்கிறான், பெற்றவன் குடிக்கவில்லை. பேத்தியைத் தொடவும் மாட்டேன் என்கிறான்.

அவள் அந்தக் கோப்பையைத் தட்டில் வைத்தபடியே உள்ளே போய்விட்டாள். அப்புறம் வரவில்லை. யூசுப்பின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். யூசுப் மட்டும் படி வரை வந்தான், என்ன சொல்வதென்று தெரியாமல்.

எனக்கும் வாய் இருந்தது. தப்பு என்னுடையது, பன்றி என்னுடையது, இந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது உங்களுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. வேனில் ஏறியதும், "நாளைக்கு நான் வந்து அவகிட்ட சொல்லிடறேன்டா" என்றேன்.

"வேணாம். பன்னிக் கறி கொண்டாந்தவனோட மவள்னு அவ மாமியார் வீட்டில பேரு வாங்க வேணாம். என் மேல சத்தியம்."

அந்தச் சத்தியம் எனக்கு வசதியாகப் போயிற்று. சூசை சிவப்புப் பெட்டியை அப்படியே குப்பைத் தொட்டியில் தூக்கிப் போட்டுவிட்டு வந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு நாங்கள் பகாங் போகவில்லை. அவன் கிடங்கு வேலையை விட்டான், நெஞ்சு வலி வந்தது, மருந்தை ஒரு நாள் சாப்பிடுவான், இரண்டு நாள் விடுவான். மகள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. இவனும் போகவில்லை.

எண்பத்தெட்டில் செத்தான். புக்கிட் மேராவில் அவன் புளோக்குக்குக் கீழே சவப்பெட்டியை வைத்திருந்தோம். யூசுப் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வராமல் தூணருகில் நின்றாள். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். யோங் பெங் ஐஸ், கிழிந்த பிளாஸ்டிக், மண் போட்டுக் கழுவத் தெரியாமல் அவன் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டது, எல்லாம்.

அவள் கேட்டு முடித்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"தெம்பனிஸிலேருந்து இங்க ஒரு மணி நேர பஸ் மாமா" என்றாள். "நாலு வருஷமா நான் ஏறலை."