கேமராவை நம்பிக் கதவைத் திறந்து வைத்தேன்

சாரம் என்ற எங்கள் பகுதியில், தெருமுனையில் போலீஸ் கேமரா வைத்த பிறகு, நான் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. மறதி நோயுள்ள என் வீட்டுக்காரர் எங்கே போனாலும் கேமராவில் தெரிந்துவிடும் என்று நம்பினேன். ஒரு நாள் காலையில் அவரைக் காணவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடிப்போய், எந்தப் பக்கம் போனார் என்று காட்டச் சொல்லிக் கூச்சத்தோடு கேட்டேன்.

"அதுல மத்தவங்க மூஞ்சியும் இருக்கும் ஆயா. இப்ப சட்டம் வந்துட்டுது, காட்டக் கூடாது," என்றார் போலீஸ்காரர்.

"நீங்க மட்டும் பாக்குறீங்களே தம்பி?"

"நாங்க கவர்மெண்டு ஆயா. எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாத்துச் சொல்றோம்."

அதற்குள், அவர் முன்பு மீன்பிடித்து வந்த வீராம்பட்டினத்திலிருந்து என் தங்கை போன் செய்தாள். "மாமா பஸ்சு ஏறி இங்க வந்துட்டாருக்கா. வலையைக் காணோம்னு என்னையத் திட்டுறாரு!"

யார் முகத்தை யாரிடம் மறைக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போது டீக்கடைக்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் கேட்டால் அவர்கள் சொல்வார்கள்.