மீனம்மா விஷயத்துக்கு வந்த கதை

போன மே தினத்தில் மீனம்மா அட்டனில் மேடையேறிப் பேசினாள். கூட்டம் கலைந்தபோது கடைவீதிக்காரர்கள்கூட நின்று, அந்த அம்மா பேச்சு தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது என்றார்கள். அது பிறவியிலேயே வந்த பேச்சு என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறவியிலாவது மண்ணாவது. அந்தப் பேச்சை அவள் வாயிலிருந்து பிடுங்கி எடுப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மஸ்கெலியாவுக்கு பஸ் போகிற பாதையில் இருக்கிறது. மீனம்மாவும் நானும் ஒரே லயம், அந்த வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஐம்பத்தாறாம் ஆண்டில், ஒவ்வொரு தோட்டத்திலும் பெண்களுக்கென்று ஒரு மாதர் தலைவி வேண்டும் என்று தொழிற்சங்கத்தில் சொன்னார்கள். எங்கள் பெண்கள் யோசிக்கவே இல்லை, மீனம்மாவைக் கை காட்டினார்கள். காரணம் அவள் தொண்டை. கொழுந்து மலையில் இந்தச் சரிவில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் எதிர்ச் சரிவில் இருக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். இப்பேர்ப்பட்ட குரல் இருந்தால் தோட்டத்துத் துரையைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம். சத்தம் போடுவது வேறு, பேசுவது வேறு என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம்தான் துரை ஒரு புதுப் பிள்ளைக் காம்பரா கட்டினார். நாங்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பழையது கீழ் மலையில், நாங்கள் கொழுந்து எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. புதியதை மேலே தேயிலை ஸ்டோருக்கு அருகில் கட்டி, சீமெந்துத் தரை போட்டு, வெள்ளை அடித்து, கதவுக்குப் பச்சைச் சாயம் பூசினார். பழைய காம்பராவைப் பூட்டி அதில் உர மூட்டையை அடுக்கச் சொல்லிவிட்டார்.

பால் கொடுக்கிற தாய்மாரைக் காலை பத்து மணிக்குக் கங்காணி கொஞ்ச நேரம் விடுவார். கீழ்க் காம்பராவுக்கு ஓடி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, கொழுந்து நிறுவைக்கு முன்னால் திரும்பிவிடலாம். மேல் காம்பராவுக்கு ஏறிப் போய்த் திரும்புவதற்குள் நிறுவை முடிந்துவிடும், மத்தியானச் சாப்பாட்டு நேரமும் அதற்குப் பத்தாது. பிந்தினால் அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம் போச்சு. அப்போது என் மகள் பரிமளம் பிறந்து மூன்று மாதம். காலையில் அவளை விட்டால் சாயங்காலம்தான் தூக்குவேன். பத்து மணிக்கு மார் கல்லாகக் கட்டிக்கொள்ளும். தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வலி தாங்காமல் பாலைப் பிதுக்கி மண்ணில் விடுவேன். அங்கே பிள்ளை பசியில் கத்துவாள், ஆயா கொத்தமல்லித் தண்ணீரைக் கரண்டியில் ஊற்றுவாள். இங்கே மண் குடித்துக்கொண்டிருக்கும்.

துரை கிழமைக்கு ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் ஜன்னலடியில் ஆட்களின் குறை கேட்பார். அவர் உள்ளே, நாங்கள் வெளியே முற்றத்தில். மீனம்மா போனாள். தோட்டக் கமிட்டித் தலைவர் செல்லசாமி துணைக்குப் போனார். நாலைந்து தாய்மார் பின்னால் நின்றோம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துரையிடம் எதைக் கேட்கப் போனாலும் முதலில் அவர் செய்த நல்லதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்டால் திமிர் என்று அர்த்தம். மீனம்மா சலாம் போட்டாள். புதுக் காம்பரா ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். தரை பளபளவென்று இருக்கிறது, கதவு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் தமிழ் மலையில் படித்த தமிழ், இவ்வளவும் அவருக்கு நன்றாகவே புரிந்தது. விஷயத்துக்கு வர வேண்டிய இடம் வந்ததும் இவள் மென்று விழுங்கினாள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சிரமம்தான், துரை பார்த்துச் செய்தால் சரி என்று முடித்துவிட்டாள். துரை தலையாட்டினார், ரொம்ப சந்தோஷம் என்றார், ஜன்னலைச் சாத்தினார். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார். வேறு எப்படி நினைப்பார்?

திரும்பும் வழியெல்லாம் நான் அவளைப் பிடித்து வைதேன். கதவின் சாயத்தைப் புகழவா உன்னைத் தலைவியாக்கினோம் என்று கேட்டேன். லயத்துக்கு வந்த பிறகுதான் சொன்னாள்:

"எப்புடி புள்ள சொல்றது? தொரை இருக்காரு, கிளாக்கரய்யா இருக்காரு, கணக்கப்புள்ள இருக்காரு, செல்லசாமியண்ணே பக்கத்துல நிக்கிறாரு. அத்தன ஆம்பளைங்க முன்னால பாலு, மாருன்னு எப்புடி வாய் தொறக்குறது?"

அது எனக்கும் புரியாமல் இல்லை. அந்த வார்த்தையை என் புருஷன் முன்னாலேயே நான் சொல்ல மாட்டேன். ஆனால் தலைவியானவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது என்று அன்றைக்கு எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

அடுத்த கிழமை அட்டனிலிருந்து சங்கப் பிரதிநிதி நல்லமுத்து வந்தார். செல்லசாமி அவரிடம், எங்கள் மாதர் தலைவிக்குப் பேச்சு வரவில்லை, கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வந்தவர் கோயில் வாசலில் மீனம்மாவை நிற்கவைத்து, நெஞ்சை நிமிர்த்து, கையை உயர்த்து என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பாடம் நடத்தினார். தாய்க்குலம், தேயிலைத் தூரில் சிந்திய இரத்தம், வீறுகொண்டு எழும் காலம் என்று என்னென்னமோ வந்தது. அவளும் வீட்டில் அடுப்படியில் நின்று அதையே முணுமுணுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் பாலைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று கேட்டேன். தாய்க்குலம் என்றாலே அதுவும் அடக்கம்தான் என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜன்னலடியில் அதை அப்படியே ஒப்பித்தாள். கையை உயர்த்தினாள். துரைக்கு அந்தத் தமிழில் ஒரு வரியும் புரியவில்லை. கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர், ஏதோ மேடைப் பேச்சு பேசுகிறாள் துரை என்றார். கூட்டம் போடுவதென்றால் அட்டனில் போய்ப் போடு என்று துரை ஜன்னலைச் சாத்தினார். போன தடவையாவது சிரித்துக்கொண்டு சாத்தினார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மலையில் கொழுந்து எடுக்கிற நிரையில் நிற்கும்போது இவள் பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டும். கங்காணி ஒருத்தியை வைதால் போதும், நடந்தது என்ன, யார் மேல் தப்பு, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நறுக்கென்று நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள். கங்காணி வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். அதையே ஜன்னலடியில் பேசித் தொலை என்று கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் முகம் கொடுக்காமல்கூட இருந்து பார்த்தேன்.

அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது மார் கட்டுவதும் நின்றிருந்தது. முதலில் வலி போனதே என்று நிம்மதியாக இருந்தேன். ராத்திரி பிள்ளையை அணைத்தபோதுதான் விளங்கியது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதாள். மீனம்மா சுவருக்கு அப்பால் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். பால் வற்றிக்கொண்டு வருகிறது, அக்கா என்று அவளிடம் சொன்னபோது எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

அந்தக் கிழமை என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ஜன்னல் திறந்தது. சலாம் போட்டாள். புதுக் காம்பரா, என்று ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவள் திருந்த மாட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினாள். பிறகு எதிர்ச் சரிவுக்குக் கேட்கிற அந்தக் குரல் வந்தது.

"தொரை, நான் பாலப் பத்திப் பேச வந்தேன். தாய்ப்பாலு. பத்து மணிக்குப் புள்ளைக்குக் குடுக்கணும். மேல் காம்பராவுக்கு ஏறிப் போயித் திரும்ப நேரம் பத்தாது. தாய்மாருங்க பாலப் பீச்சி மண்ணுல விடுறாங்க. இந்தா நிக்கிறாளே ராசம்மா, இவளுக்குப் பாலு வத்திப் போச்சு. கீழ்க் காம்பராவத் தொறந்து விடணும்."

அவ்வளவுதான். கிளாக்கர் மேசையைப் பார்த்தார். செல்லசாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றேன். துரையின் காது இரண்டும் சிவந்துவிட்டது. மீனம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"இது ஏன் முந்தியே சொல்லல்ல?"

மறுநாளே உர மூட்டைகளை அகற்றச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் உத்தரவு போட்டார். திங்கட்கிழமை கீழ்க் காம்பராவைக் கழுவித் திறந்தார்கள்.

பத்து மணிக்குக் கங்காணி விசில் ஊதியதும் தாய்மார் சிரித்துக்கொண்டு இறங்கி ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆயா பரிமளத்தைத் தூக்கிக் கொடுத்தாள். மடியில் போட்டுக்கொண்டு மார்பில் வைத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். கையால் என்னைத் தள்ளினாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் குடிக்கிற சத்தம் கேட்டது. மீனம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஏதாவது கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது, ஒரு மாதத்துக்கு முன்னால் இந்த நாலு வார்த்தையை உன்னால் சொல்ல முடியவில்லையா என்று. கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிக் கேட்பது?

அந்தக் கிழமை ஜன்னல் திறக்கிற நாளில் நான் போகவில்லை. செல்லசாமிதான் வந்து சொன்னார். மற்ற ஆட்களையெல்லாம் விலக்கிக்கொண்டு மீனம்மா முன்னால் போய் நின்றாளாம். ஜன்னல் கதவு பாதி திறக்கும்போதே பேசிவிட்டாளாம்.

"ராசம்மா புள்ளைக்குப் பால்மாவு வேணும் தொரை. நான் பிந்திச் சொன்னதால அந்தப் புள்ளைக்குப் பாலு இல்லாமப் போச்சு."

துரை பங்களாவிலிருந்து இரண்டு டின் கொடுத்தனுப்பினார். அவளே அதைச் சுமந்துகொண்டு வந்து, என் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வெந்நீர் போட உட்கார்ந்தாள்.