மன்னார்குடி கடைத்தெருவில் ஒரு மாடி வீடு

தை மாதக் கடைசியில் பத்து நாள் லீவு போட்டிருந்தேன். மஸ்கட்டிலிருந்து கணவர் வருவதாக இருந்தது, கம்பெனியில் விடவில்லை. லீவை ரத்து செய்யவும் மனமில்லை, திருச்சி வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. டெல்டாவின் பழைய கடைத்தெருக்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தஞ்சாவூரில் எழுநூறு ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தேன். மன்னார்குடி போன நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து மன்னார்குடி சுமார் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். காலை ஏழு மணி வாக்கில் ஏறினேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. வடுவூர் தாண்டியதும் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டது. அறுவடை முடிந்து காயப்போட்டிருந்தார்கள். டிரைவர் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே வந்தது.

கடைத்தெருவில் நிமிர்ந்து பார்க்காவிட்டால் எதுவும் தெரியாது. கீழே எல்லாம் கண்ணாடி, ஷட்டர், செல்போன் விளம்பரம். அதற்கு மேலே சுதையில் செய்த கிளிகள், கொடிகள், வண்ணக் கண்ணாடி பதித்த அரைவட்ட ஜன்னல்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கட்டியவை: கீழே கடை, பின்னால் சரக்கறை, மாடியில் முதலாளியின் குடும்பம். தொண்ணூறுகளுக்குப் பிறகு தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பெரிய ஜவுளி மாளிகைகள் வர, இங்கே வியாபாரம் படுத்தது. பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே புது வீடு கட்டிக்கொண்டு குடும்பங்கள் இறங்கிப் போயின. கடைகள் வாடகைக்குப் போயின, மாடிகள் பூட்டிக்கொண்டன.

ஒரு பாத்திரக்கடையின் மாடியில் மட்டும் புடவை காய்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நின்று நான் படம் எடுப்பதைப் பார்த்து, மேலிருந்து ஒரு பெண் வரச்சொல்லிக் கை காட்டினார். பெயர் மும்தாஜ், ஐம்பது வயது இருக்கும். கீழே முன்பு அவர் கணவர் குடும்பத்தின் ஜவுளிக்கடை இருந்ததாம். கடையை மூடிவிட்டுத் துபாய் போனவர், இருபது வருஷமாக அங்கேதான். மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

டீ கொடுத்துவிட்டு வீடு முழுவதும் சுற்றிக் காட்டினார். பர்மா தேக்கில் உத்தரங்கள், வழுவழுவென்று தூண்கள். நான் திருச்சியில் கட்டட வரைபடம் வரையும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. இந்த வீட்டை இடித்துவிட்டு முத்துப்பேட்டையில் தங்கை வீட்டோடு போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. கணவருக்கோ இதை விட மனமில்லை. திரும்பி வந்து மாடியில் இருந்துகொண்டு கீழே மறுபடி கடை போட வேண்டுமாம்.

"ஒம்பது மணிக்கு ஷட்டரெல்லாம் இறங்கிருச்சுன்னா இந்தத் தெருவுல மனுஷின்னு நான் ஒருத்திதாங்க" என்றார்.

பகலில் நடக்க இடமில்லாத தெரு அது. இரவில் இப்படி வெறிச்சோடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி மும்தாஜ் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலையில் பாத்திரக்கடைக்காரர் கடை திறக்கும் வரை அங்கேயே கிடந்தாராம். கணவரிடம் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவாங்க. வந்து என்ன செய்வாங்க, சொல்லுங்க? உத்தரம் உளுத்துப் போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா கேப்பாங்க."

உத்தரத்தைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்று இருந்தது. இன்னும் இரண்டு தலைமுறை தாங்கும்.

மதியம் அவர் கணவர் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வந்தார். மும்தாஜ் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு போனைக் கையில் கொடுத்தார். நரைத்த தாடி, பின்னால் இரண்டடுக்குக் கட்டில்கள். அவர் முதலில் கேட்டது இதுதான்: "தெருவுல நின்னு பாக்குறாங்களாம்மா நம்ம கட்டடத்த?"

பொய் தொண்டை வரை வந்தது, அதைத் தாண்டவில்லை. "நான் ரொம்ப நேரம் நின்னு பாத்தேண்ணே. கட்டடம் நல்லா இருக்கு. அக்காவாலதான் தனியா இருக்க முடியல" என்றேன். படியில் விழுந்ததையும் சொன்னேன்.

மும்தாஜ் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எடுத்த படங்களை அவருக்கு அனுப்பிவிட்டுப் படியிறங்கினேன். திரும்பும் பேருந்தில் ஊர் ஒன்றும் கண்ணில் படவில்லை. யாரோ ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் முன்னாலேயே போட்டு உடைத்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

போக நினைப்பவர்கள் காலை ஒன்பதரைக்கு முன் போய்விடுங்கள். கடைகள் திறந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் நின்று நிமிர்ந்து பார்க்க முடியாது. பழைய முகப்புகள் பல அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து பார்த்தால் தெரியும். கடைக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வெயிலுக்கு ஒதுங்க ஊர்ப் பெருமாள் கோயில் குளத்தின் கரை இருக்கிறது. பாத்திரக்கடை மாடிக்கு மட்டும் இப்போது போக முடியாது, பூட்டியிருக்கிறது.

சித்திரையில் மும்தாஜ் போன் செய்தார். கணவர் வேலையை விடவில்லை, வீட்டையும் இடிக்கவில்லை. முத்துப்பேட்டைக்குப் போகச் சொன்னது அவரேதானாம். அங்கே தங்கை பேரப்பிள்ளைகளின் சத்தம் தாங்கவில்லை, பகலில் கண் அசர முடியவில்லை, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ரொம்ப நேரம் குறைபட்டுக்கொண்டார். போனை வைக்க மனமில்லாமல் நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.