எஸ்தர் அக்கா கேட்ட கரண்டி

எங்கள் தேவாலயச் சபையார் எஸ்தர் அக்கா அரைத்த மசாலாவைச் சாப்பிட்டார்கள். அவரை அடுப்பின் முன் நிற்க விடவில்லை. காரணம் சாதி. அவர் செத்த பிறகும் அந்தக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குரோம்பேட்டையில் நான் வேலை செய்யும் லேத்துப் பட்டறைக்குப் போன வாரம் தொலைபேசியில் செய்தி வந்தது. பேசியவர் வசந்தா, தாம்பரம் எக்ஸ்சேஞ்சில் அக்காவோடு ஆபரேட்டராக இருந்தவர். "தம்பி, எஸ்தர் காலைல டூட்டிக்கு வரல. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாளாம். போய்ட்டா." லைனில் பேச்சு நின்றால் ஆபரேட்டர் கேட்கும் வருஷக்கணக்கான பழக்கத்தில் அவர் வாய் தானாகவே, "பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டது. கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. யார் முதலில் வைத்தோம் என்று நினைவில்லை.

தாம்பரம் கிழக்கில் ஏரிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் முதன்முதலாக அரசாங்க வேலைக்குப் போனவர் எஸ்தர் அக்கா. வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு ஊரே காத்துக்கிடந்த காலம் அது. எங்கள் சபைச் செயலாளரின் மகன் பம்பாயில் இருந்தான். "மேடம், பையன் லைனைக் கொஞ்சம் சீக்கிரம் குடுங்க மேடம்" என்று அவர் கெஞ்சுவதை அக்கா எங்களுக்கு நடித்துக் காட்டுவார். "போன்ல நான் மேடம். கோயில் வாசல்ல பாத்தா, ஏ எஸ்தரு. நடுவுல ஒரு ஒயருதான் கீது, அதுக்குள்ள எம்மாம் மாறிப்போச்சு பாரு" என்று சிரிப்பார். வேலையில் சுத்தமான தமிழ் பேசுகிறவர், கிண்டலுக்கு மட்டும் எங்கள் தெருப் பேச்சுக்கு இறங்குவார்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, தயிர்ப் பச்சடி. அந்தக் குழம்புக்குப் பொட்டலத் தூள் போட்டதே கிடையாது. மிளகாய், மல்லி, சோம்பு, தேங்காய், கசகசா எல்லாம் அம்மியில் அரைபடும். எங்கள் தெரு ஆண்கள் விறகும் தண்ணீரும் கொண்டு வருவோம். எங்கள் தெருப் பெண்கள் அரைப்பார்கள். அரைத்ததை அடுப்புக்குச் சற்று முன்னால் ஒரு பலகையில் வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நிலமும் கடையும் வைத்திருந்த குடும்பத்துப் பெண்கள் அதை எடுத்து வதக்குவார்கள், கொதிக்கவிடுவார்கள், பரிமாறுவார்கள். பச்சையாக இருக்கும்வரை எங்கள் கை படலாம். தீயில் ஏறிவிட்டால் கூடாது. கேட்டால், "ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஊழியம்" என்பார்கள்.

லீவு போட்டுவிட்டு வந்து அம்மியின் முன் உட்காருவார் அக்கா. மசாலாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். "உருண்டா இன்னும் அரை. ஒட்டுனா எடு" என்பார். மற்றப் பெண்கள் பாட்டு ஆரம்பித்தால், இவர் அந்தப் பாட்டுக்கு நடுவே யாராவது ஒருவரை வம்புக்கு இழுப்பார். எங்கள் பக்கம் எப்போதும் சிரிப்பாக இருக்கும். அடுப்புப் பக்கத்தில் இருந்தவர்கள்கூட இந்தப் பக்கம் காதை வைத்திருப்பார்கள்.

நான் ஐ.டி.ஐ. முடித்த வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது. அடுப்புப் பொறுப்பு ஞானம் டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் பாதி ஊருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், நல்ல மனுஷி. கறி மஞ்சளோடும் உப்போடும் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் கரண்டியோடு டீச்சர் உண்மையான அக்கறையில்தான் சொன்னார்: "எஸ்தரு, உனக்கு இடுப்பு புடிச்சுக்குது, பாக்கவே கஷ்டமா இருக்கு. அடுத்த வருஷம் கிரேஸ அனுப்பு. ப்ளஸ் டூ படிக்கிறால்ல, இதையும் கத்துக்கட்டும்."

கிரேஸ் அக்காவின் ஒரே மகள். அக்காவின் கை குழவியில் நின்றுவிட்டது.

"எதைக் கத்துக்கணும் டீச்சர்?"

"மசாலா அரைக்கத்தான்."

"கொழம்பு வைக்க?"

டீச்சர் சிரித்தார். "அதுக்கு நாங்க இல்லையா?"

அக்கா மசாலாவை வழித்துக் குண்டானில் போட்டு மூடினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னைக்கு நான் போடறேன் டீச்சர். கரண்டியக் குடுங்க."

"என்ன எஸ்தர் இது, பண்டிகையும் அதுவுமா? யார் யாருக்கு எந்த ஊழியம்னு பிரிச்சுக் குடுத்திருக்கு."

"யார் பிரிச்சது? பைபிள்ல எந்த அதிகாரம், எந்த வசனம்? சொல்லுங்க. வாசிச்சுப் பாத்துட்டு மறுபடியும் உக்காந்துடறேன்."

போதகர் ஓடி வந்தார். "சகோதரி, நல்ல நாள்ல சமாதானமாப் போகலாமே."

"போகலாமே ஐயா. அடுப்பு வரைக்கும்தான் போகணும்னு கேக்கறேன். நாலு எட்டு."

அவர் குரல் உயரவில்லை. எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக அம்மியை விட்டு எழுந்து அவர் பின்னால் நின்றார்கள். கறி வெந்துகொண்டே இருந்தது. செயலாளர் ஸ்கூட்டரை எடுத்தார். திரும்பி வந்தபோது வண்டியில் ஒரு பை தொங்கியது. அதற்குள் மசாலாத் தூள் பொட்டலங்கள்.

அக்கா அந்தப் பையைப் பார்த்தார். பிறகு குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். நாங்களும் நடந்தோம்.

அன்று சபையில் நடந்த சாப்பாட்டைப் பற்றிப் பிறகு பலர் சொன்னார்கள். அத்தனை பேருக்குத் தூள் போட்டுச் சமைத்து யாருக்கும் பழக்கமில்லை. குழம்பு தண்ணீராக ஓட, யாரோ பொட்டுக்கடலை மாவைக் கரைக்காமலே கொட்டிவிட்டார்கள். சோற்றின் மேல் கட்டி கட்டியாக விழுந்தது, பச்சை வாசனையோடு. "ருசி பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே செயலாளர் பச்சடியை மட்டும் தின்றாராம்.

எங்கள் தெருவில் கறி இல்லை. முட்டை அவித்தோம். அக்கா தன் வீட்டு வாசலில் கல் கூட்டி அண்டா ஏற்றினார். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக ஒதுங்கும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சொட்டு விட்டு, "உப்பு?" என்று கேட்டார். என் கையில் விட்டதும் சுட்டது. நக்கிவிட்டு, "சரியா இருக்குக்கா" என்றேன். "உன் மூஞ்சியப் பாத்தா சரியா இல்லையே" என்று என் கோபத்தைக் கிண்டல் செய்தார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு, தெருவே சத்தமில்லாமல் இருந்த பகல் அது.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் பின்பக்கச் சந்து வழியாக ஞானம் டீச்சர் வந்தார். கையில் தூக்குவாளி. "மருமக மாசமா இருக்கா. அங்க வச்சதை அவளால வாயில வைக்க முடியல. உன் கொழம்பு வேணும்னு அழறா. கொஞ்சம் குடு எஸ்தர். கோயில்ல யார்கிட்டயும் சொல்லிடாத."

அக்கா தூக்குவாளியை வாங்கினார். முட்டை உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மேலே குழம்பை ஊற்றி, மூடியைத் துடைத்துக் கொடுத்தார். "சூடா இருக்கு, பாத்து எடுத்துட்டுப் போங்க" என்றார்.

டீச்சர் போன பிறகு நான் கத்தினேன். "எதுக்குக்கா குடுத்தீங்க? அவங்க மூஞ்சில ஊத்த வேணாமா?"

"ஊத்திட்டு? கொழம்பு வேஸ்ட்டு" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "வயித்துப்புள்ளக்காரி கேட்டா, குடுத்தேன். அவகிட்ட எனக்கு என்னடா சண்ட? கொழம்பு யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன். நான் கேக்கறது கரண்டி."

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் குழம்பு அவர்களுக்கு அருவருப்பே இல்லை. சந்து வழியாக வந்து வாங்கிச் சாப்பிடும் அளவுக்குப் பிடித்திருந்தது. கரண்டி எங்கள் கைக்கு வந்தால், எங்கள் முன்னால் எல்லோரும் பார்க்கத் தட்டை நீட்ட வேண்டும். அது மட்டும்தான் அவர்களால் முடியவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கோயில் அம்மியைத் தொடவில்லை. கிரேஸையும் தொட விடவில்லை. சபையில் கிரைண்டர் வாங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் பண்டிகைக்கு முன் நடக்கும் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த வருஷம் கொழம்புக்கு என் பேரைப் போடுங்க" என்று கேட்டார். "ஜெபத்துல வச்சிருக்கோம் சகோதரி" என்பதுதான் எப்போதும் பதில். ஒருமுறை, "ஆண்டவர் லைன் இத்தனை வருஷமா எங்கேஜ்டாவே இருக்காது ஐயா, நீங்கதான் ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிருக்கீங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். பேர் போடவில்லை.

வேறு சபைக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னபோது முறைத்தார். "எங்கம்மா செங்கல் சுமந்த செவுருடா அது. நான் எதுக்குப் போவணும்?"

போன வாரம் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று ஞானம் டீச்சர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. டீச்சரே வந்து கிரேஸுக்குப் பிசைந்து கொடுத்தார். அழுதார். அது பொய் அழுகை இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கல்லறையில் போதகர் அக்காவை "சபைக்காகத் தன்னைத் தேய்த்துக்கொண்ட சகோதரி" என்றார். தேய்த்தது யார் என்று சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய பொறுமை என்று எழுத எனக்கும் ஆசைதான். அது எனக்கு வரவில்லை. அவருடைய கேள்வியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அதோடு, குரலை உயர்த்தாமல் எழுந்து நிற்கும் பழக்கத்தையும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைக் கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேஸிடம், "கேக்கட்டுமா?" என்றேன். "கேளுண்ணா. என் பேரைச் சொல்லியே கேளு" என்றாள்.

எழுந்து, அக்கா கேட்டதையே கிரேஸ் பேரில் கேட்டேன். செயலாளர் போதகரைப் பார்த்தார். போதகர், "பிரிந்துபோன சகோதரியின் குடும்பத்துக்காக எல்லாரும் எழுந்து நின்னு ஜெபிப்போம்" என்றார். நின்றார்கள். கண்களை மூடிக்கொண்டார்கள். ஆமென் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை.

"இந்தக் கிறிஸ்துமஸ் கொழம்புக்கு கிரேஸ் பேரைப் போடுங்க. போட மாட்டீங்கன்னா, ஏன் போட மாட்டோம்னு வாயத் தொறந்து சொல்லுங்க."