மூன்று இருபதுக்குப் பாடிய சுவர்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டி எழுதவில்லை. 1931 ஆகஸ்ட் 16, ஞாயிறு. பட்டப்பகல். எனக்குக் காய்ச்சல் இல்லை, நான் குடித்திருக்கவும் இல்லை. கோபத்தில் இருந்தேன். இன்றும் இருக்கிறேன்.

என் கணவர் ஹோசியா பிக்கெட், மிசிசிப்பியின் பருத்திக்காட்டு ஊர்களில் சனிக்கிழமை ஆட்டங்களுக்குக் கிட்டார் வாசித்தவர். உடைந்த பாட்டிலின் கழுத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, தந்திகளின் மேல் வழுக்கி வாசிப்பார். ஒவ்வொரு வரியையும் பாதிதான் பாடுவார். மீதியைக் கிட்டார் சொல்லும். ஆடுகிறவர்கள் கால் மறந்து நின்றுவிடுவார்கள்.

சின்ன வயதில் அவருக்குக் கிட்டார் ஏது? துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து, வீட்டு வெளிச்சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டி, அதில்தான் பழகினார். கல்யாணமாகி நான் வந்தபோதும் அந்தக் கம்பி சுவரில் இருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நானும் கூடப் போயிருந்த ஆட்டத்தின் நடுவே ஷெரிஃபின் ஆட்கள் புகுந்தார்கள். வேலையில்லாமல் திரிகிறவன் என்று சொல்லி அவரை இழுத்துப் போனார்கள். விடிய விடிய விரல் தேய வாசிப்பது அவர்களுக்கு வேலையாகத் தெரியவில்லை. ஆற்றுக்குக் கரை கட்டும் கைதி முகாமுக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கிட்டாரை மிதித்து நொறுக்கினார்கள். பாட்டில் கழுத்து மட்டும் உருண்டு என் காலடிக்கு வந்தது.

ஆகஸ்ட் 15, சனிக்கிழமை, முகாமிலிருந்து கடிதம். வியாழக்கிழமை வெயில் தாக்கி இறந்தார், அங்கேயே புதைத்தாயிற்று. இரண்டே வரி. என் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை.

உடல் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும் என்றாள் அவருடைய அக்கா லவீனியா. இறந்தவர் புழங்கிய சாமான்களை உடைத்துக் கல்லறைமேல் வைப்பது எங்கள் கறுப்பினச் சனங்களின் வழக்கம். உடைக்காவிட்டால் போனவர் போக மாட்டார். மறுநாள் காலை ஆலயத்துக்குப் பின்னால் ஒரு வெறும் மண்மேடு எழுப்பி, அவருடைய தட்டையும் கோப்பையையும் சவரக் கண்ணாடியையும் உடைத்து வைத்தோம்.

பாட்டில் கழுத்தை நான் உடைக்கவில்லை. பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று இருபது. சமையலறையில் நாங்கள் இருவரும் தட்டப்பயறு உரித்துக்கொண்டிருந்தோம்.

ங்ங்ஙீ...ஈ...

வெளிச்சுவரிலிருந்து. காற்று என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சோளத்தாள்கூட அசையவில்லை.

மறுபடி. அவருடைய பாட்டுத்தான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் பின்பாதி மட்டும். முன்பாதி வரவேண்டிய நேரத்தில்... மௌனம். எங்கோ யாரோ பாட, அதைச் சுவர் முடித்துவைப்பதுபோல.

வெளியே ஓடினேன். யாருமில்லை. கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. தொட்டேன். சுட்டது. அது நிழல் விழுந்த சுவர்.

லவீனியா வாசலில் நின்றாள். பயத்திலும் அவள் வாய் அடங்காது.

"உயிரோட இருந்தப்ப ஒரு சனிக்கிழமையாச்சும் வீடு தங்குனானா? இப்ப வந்து உக்காந்துக்கிட்டான் பாரு."

பிறகு என் பாவாடைப் பையைப் பார்த்தாள். "எதை ஒளிச்சு வச்சிருக்க, ஒஸெல்லா?"

எடுத்துக் காட்டினேன்.

"உடைச்சிடு தாயி. தம்பி போக முடியாம அல்லாடுறான்."

"மாட்டேன் அண்ணி. எல்லாத்தையும் அவனுங்க எடுத்துக்கிட்டானுங்க. இது என்னுது."

மூன்று ஐம்பது. சத்தம் ஏறியது. பலகைச் சுவர் நடுங்கியது.

நான்கு மணி. நிற்கவில்லை.

இப்போது அவர்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தச் சனிக்கிழமை போக வேண்டாம் என்று சொன்னேன். கேட்டாரா?

நான்கு ஏழு.

உள்ளே போய்ப் பாட்டில் கழுத்தை அடுப்புக்கல்லில் ஓங்கி அடித்து உடைத்தேன்.

"போ ஹோசியா. செத்தவங்க போகணும். போயிடு."

ங்ஙீ...

நடுவிலேயே நின்றது.

பிறகு அந்தக் கம்பி ஒலிக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, அதே முகாமிலிருந்து விடுதலையான எல்பர்ட் டப்ஸ் என்பவர் என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடிதத்தைக் காட்டித் தேதியைப் படித்துச் சொன்னேன். இல்லையென்று தலையாட்டினார்.

"வியாழக்கிழமை தண்டனைன்னு அவரைத் தகரப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வெயில்ல வச்சாங்கம்மா. எப்படியும் பொழைக்க மாட்டாருன்னு அன்னிக்கே கடிதாசி எழுதிட்டாங்க."

அவராகவே மேலும் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி தாண்டியும் உள்ளேருந்து பாதிப் பாதி வரியாப் பாடிக்கிட்டுத்தான் இருந்தார். அப்புறம் ஒரு வரி நடுவுலயே நின்னுபோச்சு."