அண்ணியும் தராசும்

முதலில் ஏசியை அணைப்பார். பிறகு ஜன்னலைச் சாத்துவார். கடைசியாக, கதவிடுக்கில் தலை நீட்டுபவரைப் பார்த்து, "வர்றதா இருந்தா உள்ள வாங்க, போறதா இருந்தா போங்க. நடுவுல நின்னா காத்து வருது" என்பார். யாராக இருந்தாலும் சரி. பெரிய டாக்டரே ஒருமுறை இதைக் கேட்டுக்கொண்டு வெளியே போயிருக்கிறார்.

குழந்தைகள் மருத்துவமனையின் மருந்தறையில் வேலை பார்க்கும் என் அண்ணிக்கு அங்கே வைத்த பெயர் 'மூச்சு விடாதீங்க மேடம்'. மாத்திரை விழுங்க முடியாத குழந்தைகளுக்கு மருந்தைப் பொடியாக நிறுத்துப் பொட்டலம் மடிப்பது அவர் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் அந்தத் தராசு, உதிர்ந்த இமைமுடியைக்கூட எடை போட்டுக் காட்டும். அதற்கு வாய்த்த இடமோ, சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட், மேல்மாடியில் துணி துவைக்கும் இயந்திரம். இரண்டின் அதிர்விலும் தராசின் எண் ஆடும். "லிஃப்ட் போய்ச் சேரட்டும்" என்று அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் ரயில்வே கேட்டில் நிற்பவர் போல இருக்கும். நைலான் துணியில் பொடி தாவி ஒட்டுமாம். அதனால் வேலைக்குப் பருத்திதான்.

இதே அண்ணி வீட்டில் உப்பை ஏறிட்டும் பார்க்காமல் அள்ளிப் போடுவார். அண்ணன் முகம் சுளித்தால், "சாப்பாடுதானே, கூடினா தண்ணி குடிங்க" என்பதோடு பேச்சு முடிந்தது.

என் மகள் மாதம் நிறையாமல் பிறந்தாள். இதயத்துக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பொட்டலத்துக்காக வார்டில் நர்ஸ் காத்திருக்க, நான் மருந்தறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அண்ணியின் கை அன்று வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. எண் நின்றுவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. அவர் மட்டும் அதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிறுத்த பொடியை அப்படியே கழிவுத் தொட்டியில் கொட்டினார்.

எனக்கு வந்த கோபத்தில் கதவைத் திறந்தேவிட்டேன்.

"எண்ணு ஆடினா காத்து, தம்பி. ஒரே பக்கமா மெல்ல ஏறினா சூடு. கழுவின கிண்ணத்தை உலர்த்துற பெட்டியிலேருந்து சூடா எடுத்த கையோட தராசுல வெச்சுட்டேன். சூட்டுல எடை குறைஞ்சு காட்டும், ஆற ஆறக் கிண்ணமே கனம் காட்டுது. அதையும் மருந்துன்னு கணக்கு பண்ணியிருந்தா பிள்ளைக்குக் குறைஞ்சு போயிருக்கும். நம்ம பிள்ளைன்னதும் பதறிட்டேன்."

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணி?"

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும். கதவைச் சாத்துங்க."

சாத்தினேன். அந்தக் கொஞ்ச நேரம் அவரை மனதார வெறுத்தேன். கிண்ணம் ஆறியது. லிஃப்ட் ஏறி நின்றது. இம்முறை எண் அசையவில்லை. அப்படியும் கிண்ணத்தை ஒருமுறை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்த பிறகே பொட்டலம் மடித்தார். வார்டுக்கு அவர் ஓடவில்லை, நடந்துதான் போனார். பின்னால் ஓடியது நான்.

மகள் வீட்டுக்கு வந்த அன்று ஒவ்வொருவராக அவளைக் கையில் வாங்கினோம். "தேறிட்டா" என்றார் அண்ணன். "எங்கே, இன்னும் பஞ்சு மாதிரிதான் இருக்கா" என்றாள் என் மனைவி. அண்ணியின் முறை வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பிப் போய் மின்விசிறியை அணைத்தார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையை வாங்கினார்.