பாலில் குளிக்கும் டிரைலோபைட்

பூனா வண்டிக்கு நேரமிருக்கிறது. மாதுங்காவில் நண்பன் வீட்டுப் பூஜையறையில் அவன் அம்மா சாளக்கிராமத்துக்குப் பாலாபிஷேகம் செய்கிறாள். நிலவியல் வாத்தியாரான எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

“மாமி, சாளக்கிராமத்துல சங்குச் சுருள் இருக்கும். இதுல உடம்பு மூணு பாகமா, பிறை மாதிரி கண்ணோட இருக்கு. ரெட்லிக்கியாங்கற டிரைலோபைட். கல்லோட பச்சையைப் பார்த்தா இமயமலையில ஸ்பிதிப் பக்கம்.”

“எங்காத்துக்காரர் அங்கே ரோடு போடப் போனப்போ எடுத்துண்டு வந்தார். டிரைலோபைட்னா?”

“ஐம்பது கோடி வருஷத்துக்கு முந்தின கடல்பூச்சி. இறாலுக்குத் தூரத்து உறவு.”

பால் கிண்ணம் அந்தரத்தில் நிற்கிறது.

“அது என்ன சாப்பிடும்?”

“கடலடிச் சேறு.”

“மீன்கீன்?”

“தொடாது.”

மாமி மீதிப் பாலையும் ஊற்றுகிறாள்.

“நேத்து ரயில்ல ஆம்லெட் சாப்பிட்டேன்னேளே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”